வாசகர் கேள்வி – பதில்: படை விமானியாகும் ஆயத்தம்

திருகோணமலையின் விமானப்படைத் தளமான சீனக்குடாவில் பயிற்சி விமானம் வட்டமிடும் ஓசையைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைகளிடமிருந்து அண்மைக் காலமாக ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். திருகோணமலையில் நீண்ட காலம் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், படை விமானிகளாகவும் சிவில் விமானிகளாகவும் ஆன சில மாணவர்களுடன் இன்றும் பேசிக்கொண்டிருப்பவன் என்ற முறையிலும் இப்பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். விமானப்படையில் விமானியாக வேண்டும் என்பது சிறு வயது முதலான ஆசை. எதிலிருந்து ஆயத்தத்தைத் தொடங்குவது? இணையத்தில் தமிழில் தேடினால் எழுத்துப் பரீட்சைகளைப் பற்றியே நிறையச் சொல்கிறார்கள்.
— மாணவன், உப்புவெளி

பதில்: தம்பி, புத்தகத்தைத் திறப்பதற்கு முன் கண் வைத்தியரிடம் போங்கள். என்னிடம் படித்த ஒரு மாணவர், கணிதத்தில் வகுப்பிலேயே முதல்வர், இரண்டு வருடங்கள் இதற்கென்றே உழைத்து நேர்முகத் தேர்வையும் தாண்டிச் சென்றார். மருத்துவப் பரிசோதனையில் நிறப்புள்ளிகள் நிறைந்த அட்டை ஒன்றைக் காட்டி, அதற்குள் எந்த இலக்கம் தெரிகிறது என்று கேட்டபோது, அவருக்கு அங்கே புள்ளிகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சிறு வயதில் கொல்லைக்குள் பழுத்த மிளகாய் ஆயச் சொன்னால் தங்கையின் கடகம் நிறைந்திருக்க, தன்னுடையது வெறுமையாகவே இருந்ததையும், கவனமில்லாத பிள்ளை என்று ஏச்சு வாங்கியதையும் அன்றுதான் அவர் நினைத்துப் பார்த்தாராம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் குறைபாடு பிறவியில் வருவது. பெண்களைவிட ஆண்களிடத்தில் மிக அதிகமாகக் காணப்படுவது. பயிற்சியாலோ மருந்தாலோ மாறாதது. அந்த அட்டைப் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே போதும். அவர் அதை முதலில் செய்திருந்தால், அந்த இரண்டு வருட உழைப்பை வேறொரு திசைக்குத் திருப்பியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. தூரப் பார்வை, கேள்திறன், முதுகெலும்பு, இருதயம் ஆகியவற்றையும் இப்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கானவை. என்டிஏ, ஏஎஃப்கேட் என்று அங்கே பேசப்படுபவை இந்திய விமானப்படைக்கு ஆள் எடுக்கும் வழிகள்; இலங்கைக் குடிமகனாகிய உங்களுக்கு அவை பொருந்தா. இங்கே வழிகள் இரண்டு. ஒன்று, விமானப்படை விளம்பரம் செய்யும்போது பயிலிளவல் (கடேற்) அதிகாரியாக நேரடியாக விண்ணப்பிப்பது. மற்றையது, இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பயிலிளவலாகச் சேர்ந்து பட்டப்படிப்புடன் போவது. வயது, உயரம், உயர்தரச் சித்திகள் ஆகியவை ஒவ்வொரு விளம்பரத்திலும் வரையறுத்துச் சொல்லப்படும். அயல்வீட்டு அண்ணா சொன்னதை நம்பாமல் அந்த விளம்பரத்தை வரிக்கு வரி வாசியுங்கள். சாதாரண தரத்தில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகிய பாடங்களில் எடுத்த பெறுபேறும் பார்க்கப்படும் என்பதால், இதை வாசிக்கும் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆயத்தம் ஏற்கனவே தொடங்கிவிட்டது.

கணிதம் என்றதும் நீங்கள் இணைந்த கணிதத்தின் கடினமான வினாக்களை நினைப்பீர்கள். விமானிக்கு வேண்டியது அதுவன்று. தாளும் பேனையும் இல்லாமல், வேறொரு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, பிழையில்லாமல் செய்யும் எளிய கணக்கு. நம் ஊரை வைத்தே சொல்கிறேன். சீனக்குடாவின் ஓடுபாதைக்கு 06, 24 என்ற இலக்கங்கள் உண்டு. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் ஒரு முனையிலிருந்து புறப்படும் விமானம் ஏறத்தாழ 60 பாகையையும் மறுமுனையிலிருந்து புறப்படுவது 240 பாகையையும் நோக்கி ஓடும் என்பதே அதன் பொருள். வாடைக் காற்றுக் காலத்தில் வடகிழக்கையும் கச்சான் காலத்தில் தென்மேற்கையும் எதிர்கொள்ள அமைந்த பாதை அது. இப்போது கச்சான் சற்றுத் திரும்பி நேர் மேற்கிலிருந்து, அதாவது 270 பாகையிலிருந்து, 20 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 24ஆம் பாதைக்கு அது 30 பாகை சாய்வு. சைன் 30 அரைவாசி என்பதால் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று 10 நொட், தள்ளுவது வலப்புறத்திலிருந்து. இதை நீங்கள் மூன்று விநாடிக்குள் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. சீனக்குடாவிலிருந்து மட்டக்களப்பு விமானத்தளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கடல் மைல். 120 நொட் வேகத்தில் அரை மணித்தியாலம். ஒரு பாகை திசை பிசகினால் 60 கடல் மைலில் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர், விலகிப் போவீர்கள் என்பது விமானிகள் நாளும் பயன்படுத்தும் கணக்கு. பாதி வழியில் வாகரைக்கு மேலே போயிருக்க வேண்டிய நீங்கள், கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்றுத் தள்ளியதால் அரை மைல் வலப்புறமாகத் தரைப்பக்கம் ஒதுங்கியிருப்பதைக் காண்கிறீர்கள். முப்பது மைலில் அரை மைல் என்றால் பிசகு ஒரு பாகை. ஒரு பாகை இடப்புறம் திருப்பினால் விலகல் கூடாமல் நிற்கும். மீதி முப்பது மைலுக்குள் பழைய கோட்டைத் தொடுவதற்கு மேலும் ஒரு பாகை வேண்டும். ஆக இரண்டு பாகை இடப்புறம். இதைச் செய்யும் நேரத்திலும் உயரம் குறையக் கூடாது, வானொலியில் வரும் பேச்சு தவறக் கூடாது. ஆகவே இத்தகைய கணக்குகளை மேசையில் இருந்து செய்யாதீர்கள். மக்கெய்சர் மைதானத்தைச் சுற்றி ஓடும்போது, மூச்சு வாங்கும் நிலையில், நண்பர் ஒருவர் கேட்க வாய்விட்டு விடை சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: தினமும் உடற்பயிற்சி செய்கிறேன், பாரம் தூக்குகிறேன். ஆனால் திருவிழா ராட்டினத்தில் ஏறினாலே தலை சுற்றி வாந்தி வருகிறது. எனக்கு விமானம் ஓட்டும் உடல்வாகு இல்லையா?
— இளைஞர், மூதூர்

பதில்: அதை வைத்து ஒன்றையும் முடிவு செய்யாதீர்கள். முதல் சில பறப்புகளில் வாந்தி எடுத்தவர்கள் பலர் பிறகு நல்ல விமானிகளாகியிருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு உடல் பழகிக்கொள்ளும். தலைசுற்றலைவிட நீங்கள் அறிந்திருக்க வேண்டியது, உட்காது பொய் சொல்லும் என்பதை. உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் நிறைந்திருக்கும் திரவம், தலை திரும்பும்போது சற்றுப் பின்தங்கி, அந்தப் பின்தங்கலால் திருப்பத்தை நமக்கு உணர்த்துகிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து இருபது விநாடிக்குள் திரவமும் குழாயின் வேகத்தை எட்டிவிடும்; பிறகு திருப்பம் உணரப்படாது. வீட்டில் சுழலும் நாற்காலி இருந்தால் அதில் அமர்ந்து கண்களை மூடிக்கொள்ளுங்கள். தம்பியிடம் மெதுவாக, ஒரே சீராகச் சுற்றச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் நாற்காலி நின்றுவிட்டது என்று சொல்வீர்கள், அது சுற்றிக்கொண்டிருக்கும். உண்மையில் நிறுத்தியதும், எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது என்பீர்கள். முகிலுக்குள் நுழைந்த விமானிக்கு நேர்வது இதுவே. தன் உடல் நேர் என்று சொல்லும்போது கருவி சாய்வு என்று காட்டினால், கருவியை நம்பி உடலை மறுக்க வேண்டும். எழுதுவதற்கு இலகுவான இந்த வாக்கியத்தைக் கைக்கொள்ள முடியாமல் அனுபவசாலிகளும் உயிரிழந்திருக்கிறார்கள்.

பாரம் தூக்குவது நல்லதே, ஆனால் எதற்காக என்று தெரிந்து தூக்குங்கள். விமானம் இறுக்கமாகத் திரும்பும்போது புவியீர்ப்பின் ஐந்து மடங்கு விசை உடலில் இறங்கினால் 60 கிலோ எடையுள்ளவர் 300 கிலோவாக உணர்வார்; இருதயத்திலிருந்து மூளை வரை ஏற வேண்டிய இரத்தமும் ஐந்து மடங்கு பாரமாகி, காலை நோக்கி இறங்கிவிடும். முதலில் நிறங்கள் மங்கும், பிறகு பார்வை குழாய்க்குள் பார்ப்பதுபோலச் சுருங்கும், பிறகு இருளும். கண்ணுக்குள் இயல்பாக இருக்கும் அழுத்தம் விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை மூளைக்கு முன்னரே தடுத்துவிடுவதால், நினைவு தப்புவதற்கு முன் பார்வை எச்சரிக்கை தருகிறது. விசை திடீரென ஏறினால் அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. இதைத் தாங்குவதற்கென்று காலையும் வயிற்றையும் இறுக்கும் உடை ஒன்று உண்டு. அதனுடன் தொடை, பிட்டம், வயிறு ஆகிய தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று விநாடிக்கு ஒரு முறை சட்டென மூச்சு மாற்றும் முறையைப் பயிற்சியில் கற்பிப்பார்கள். அதை நீங்கள் வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளை உறுதியாக்குவதும், நடுத்தரத் தூர ஓட்டமும், கழுத்துப் பயிற்சியும் இப்போது போதும். தண்ணீர் குறைவாகக் குடித்த உடல் இந்த விசையைத் தாங்காது என்பதையும், நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு விரைவாக நேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொட்டியாரக் குடாவின் கரையில் வளர்ந்தவர் நீங்கள்; நீச்சல் தெரியாதிருந்தால் அதையும் கற்றுக்கொள்ளுங்கள். தீவின் விமானி எந்த நாளும் கடலுக்கு மேலேதான்.

கேள்வி: பெண்பிள்ளைகள் விண்ணப்பிக்கலாமா? எனக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், பேச வராது. சிங்களமும் குறைவு.
— மாணவி, நிலாவெளி

பதில்: விண்ணப்பிக்கலாம், தங்கச்சி. இலங்கை விமானப்படையில் முதன்முதலாக இரண்டு பெண்கள் விமானிகளுக்குரிய இறக்கைச் சின்னத்தைப் பெற்றது 2020 நவம்பரில். அந்த வைபவம் நடந்தது உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், சீனக்குடாவில்தான். 1951 மார்ச் 2ஆம் திகதி தொடங்கப்பட்ட படையில் அந்த நாள் வர இத்தனை காலம் பிடித்தது என்றாலும், கதவு திறந்துவிட்டது.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது இலக்கணத்தை என்று நினைக்கிறேன். விமானி பேசும் ஆங்கிலம் குறுகியது, வரையறுக்கப்பட்டது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ஒழுங்கைக் கொண்டது. ஒன்பது என்பதை 'நைன்' என்று சொல்லாமல் 'நைனர்' என்பார்கள், இரைச்சலில் அது 'ஃபைவ்' என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒரு கட்டளையைச் சொன்னதும் விமானி அதன் இலக்கங்களை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாகக் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். உங்கள் அக்காவைப் பக்கத்து அறையில் இருந்து திசை, உயரம், வேகம், அலைவரிசை, ஓடுபாதை இலக்கம் என ஐந்தை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லி, நீங்கள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே அவற்றை ஒழுங்கு மாறாமல் திருப்பிச் சொல்லுங்கள். ஐந்தில் ஒன்று விட்டுப்போனால், ஊகித்து நிரப்பாமல், மீண்டும் சொல்லுங்கள் என்று கேட்கப் பழகுங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு மீண்டும் கேட்பது வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம் விமானத்துக்குள் ஆபத்து என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சிங்களத்தை அன்றாடப் பழக்கத்துக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். தியத்தலாவையில் தரைப் பயிற்சிக்காலத்தில் உடன் இருப்பவர்களில் பெரும்பாலானோரின் மொழி அது.

கேள்வி: மகனுக்குப் போர் விமானம்தான் வேண்டுமாம். சேரும்போதே அதைக் கேட்டுப் பெறலாமா?
— தந்தை, கிண்ணியா

பதில்: பெற முடியாது. எல்லோரும் சிறிய பயிற்சி விமானத்தில்தான் தொடங்குவார்கள். அதன் பிறகு போர் விமானமா, போக்குவரத்தா, ஹெலிகொப்டரா, கடற்கண்காணிப்பா என்பதைத் திறமையையும் தேவையையும் பார்த்துப் படைதான் தீர்மானிக்கும். நம் நாட்டில் போர் விமானங்கள் சில மட்டுமே. மற்ற எதையும் ஏற்காத மனத்துடன் போகும் பிள்ளை ஏமாற்றத்துக்குத் தன்னை ஆயத்தப்படுத்துகிறது என்று உங்கள் மகனுக்கு இப்போதே சொல்லுங்கள்.

கேள்வி: 1990இல் எனக்குப் பத்து வயது. விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கி, என் தம்பியின் இரண்டு காதுகளையும் என் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு இருந்தவள் நான். என் காதுகளைப் பொத்த எனக்குக் கையில்லை. இன்றும் தாழப் பறக்கும் விமானம் போனால் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்பேன். என் மகன் விமானப்படையில் சேர வேண்டும் என்கிறான். மறிக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை.
— தாய், தம்பலகாமம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு பல நாள் எழுதாமல் இருந்தேன். இந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு நீங்கள் சொல்வது புதிதன்று. ஆனாலும் உங்களுக்கு விடை சொல்லாமல் மற்றவர்களுக்குக் கணக்கும் காற்றும் சொல்லிக்கொடுப்பது முறையாகாது.

உங்கள் மகன் ஆசைப்படுவதில் தவறில்லை. வெள்ளத்தில் கூரை மேல் நிற்பவர்களை எடுப்பதும், காணாமல்போன மீன்பிடிப் படகைக் கடலில் தேடுவதும், ஐக்கிய நாடுகள் சபையின் பணியில் மத்திய ஆபிரிக்கக் குடியரசிலும் தென் சூடானிலும் ஹெலிகொப்டர் ஓட்டுவதும் இலங்கை விமானப்படை விமானிகள் செய்த வேலைகளே. அந்த வேலைகளில் தமிழ் பேசும் ஒருவர் இருப்பதை நான் விரும்புகிறேன். கூரை மேல் நிற்கும் கிழவி கத்துவது தமிழில் என்றால் அது விளங்கும் காது ஒன்று மேலே இருக்கட்டும். ஆனால் படையில் சேர்பவர் தனக்குப் பிடித்த பணிக்கு மட்டும் கையொப்பமிடுவதில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிவதாக உறுதி கூறுகிறார். குறித்த வருடங்கள் சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுதுகிறார். அந்த வருடங்களில் நாடு எந்தத் திசையில் போகும் என்பதை அவரால் தெரிந்துகொள்ள முடியாது. போர்ச் சட்டம் பொதுமக்களைத் தாக்குவதைத் தடுக்கிறது, சட்டவிரோதமான கட்டளையை நிறைவேற்றியவருக்குக் கட்டளை என்பது தானாகவே மன்னிப்பாகிவிடாது. இதைப் பதினெட்டு வயதில் யோசித்துவிட்டுப் போவது வேறு, முப்பது வயதில் விமானத்துக்குள் இருந்து முதன்முறையாக யோசிப்பது வேறு. விமானப்படைக்கான ஆயத்தத்தில் இதை எந்த வகுப்பும் கற்பிப்பதில்லை. உங்களால் முடியும்.

உயிராபத்தையும் மறைக்காமல் பேசுங்கள். 2020 டிசம்பரில் சீனக்குடாவிலிருந்து புறப்பட்ட பயிற்சி விமானம் கந்தளாய்ப் பகுதியில் விழுந்து பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். 2023 ஓகஸ்டில் சீனக்குடாவிலேயே மற்றொரு பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். 2025 மார்ச்சில் வாரியப்பொலப் பகுதியில் ஜெட் பயிற்சி விமானம் விழுந்தபோது அதிலிருந்த இருவரும் பரசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்கள். மகனை அச்சுறுத்துவதற்காக அன்றி, அவர் தேர்ந்தெடுக்கும் தொழில் எது என்பதை அவரும் நீங்களும் ஒன்றாகப் பார்ப்பதற்காக.

பறப்பதுதான் ஆசை, படை இரண்டாம்பட்சம் என்று அவர் கண்டுகொண்டால், சிவில் விமானிப் பயிற்சி இரத்மலானையில் இருக்கிறது. அதற்குப் பணம் பெரும் தடையாகும் என்பதையும் படையில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை என்பதையும் அறிவேன். பல ஏழைப் பிள்ளைகளின் தெரிவை அந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது என்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, விமானப் பராமரிப்புப் பொறியியல் ஆகியவையும் உண்டு. அவரோடு அமர்ந்து இவற்றையும் பாருங்கள்.

நீங்கள் எனக்கு எழுதிய நான்கு பக்கங்களையும் மகனுக்கு இதுவரை சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இத்துடன் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் அவர் அதை வாசிக்கட்டும். வாசிக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.